புதன்கிழமை மட்டும் வராதீர்கள், ஐயா

அனுப்புநர்
வாடகை நாற்காலிக் கடைக்காரர்,
(ஆறாம் வகுப்பு மாணவியின் அப்பா),
பள்ளிக்கூட வாசலுக்கு நேர் எதிர்க்கடை.

பெறுநர்
கல்வி அதிகாரி அவர்கள்,
கல்வி அலுவலகம்,
முதல் மாடி.

பொருள்: பள்ளி மின்னணுப் பலகையிலிருந்து என் மகளை விடுவித்து வகுப்பில் உட்கார வைக்க வேண்டுதல் – வரும் புதன்கிழமை கணக்கு மறுதேர்வு – அதே வேளையில் நடக்கவிருக்கும் ஆய்வுக்குத் தாங்கள் வராமலிருக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்களை இரண்டு முறை உட்கார வைத்தவனின் வணக்கம்.

1. நான் பள்ளிக்கூடத்துக்கு எதிரில் நாற்காலி, மேசை, மைக் செட் வாடகைக்கு விடும் கடை வைத்திருக்கிறேன். படிப்பு பெரிதாக இல்லை. பள்ளிக்கூடத்துக்குள் நான் போனதைவிட என் நாற்காலிகள் போனதுதான் அதிகம். தாங்கள் இந்தப் பள்ளிக்கு வந்த இரண்டு முறையும் அமர்ந்திருந்த, கைப்பிடியும் மெத்தையும் வைத்த சிவப்பு நாற்காலி என்னுடையதுதான். ஆகவே நாம் ஓரளவு பழகியவர்கள் என்ற உரிமையில் இந்தப் புகாரை எழுதுகிறேன்.

2. தங்கள் வருகையால் எனக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை, பிழைப்புதான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். பள்ளிக்குப் பார்வையாளர் வந்தால் என் கடையிலிருந்து நாற்காலி போகும், மைக் போகும், பின்னாலேயே நானும் போய் ஒரு தேநீர் குடித்துவிட்டு வருவேன். அப்படிப்பட்டவனே வராதீர்கள் என்று எழுதுகிறேன் என்றால் விஷயம் எவ்வளவு முற்றிவிட்டது என்பதைத் தாங்களே கணித்துக்கொள்ள வேண்டும்.

3. சென்ற கல்வியாண்டின் தொடக்கத்தில் இந்தப் பள்ளிக்குத் தொட்டால் பேசும் மின்னணுப் பலகை ஒன்று வந்தது. அதற்குக் காற்றோட்டமான அறை வேண்டும், தூசி படக் கூடாது, வெயில் அடிக்கக் கூடாது, பிள்ளைகள் ஓடியாடக் கூடாது என்று பலகையோடு வந்தவர்கள் சொன்னார்கள். பள்ளியில் அப்படி இருந்தது ஆறாம் வகுப்பு அறை ஒன்றுதான். எனவே பலகை உள்ளே போயிற்று, ஆறாம் வகுப்பு வெளியே வந்தது. அன்றிலிருந்து அந்த வகுப்பு மாடிப்படிக்குக் கீழே, சைக்கிள் நிறுத்துமிடத்தை ஒட்டி நடக்கிறது. மணி அடித்தால் மேல் வகுப்புப் பிள்ளைகள் இவர்கள் தலைக்கு மேலே தடதடவென்று இறங்குவார்கள். சத்தம் ஓயும்வரை டீச்சர் சாக்குக்கட்டியைக் கையில் பிடித்தபடி சும்மா நிற்பார். பலகை அறையில் ஏசி போட்டிருக்கிறார்கள். அதற்கு வியர்க்கும் போலிருக்கிறது.

4. பலகையை முன்னின்று நடத்த ஓர் ஆசிரியருக்குப் 'புத்தாக்கத் தலைவர்' என்ற பட்டம் தங்கள் அலுவலகத்திலிருந்து வந்தது. அதற்கு முன்பு அவர் ஓவியம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். தங்கமான மனிதர். பிள்ளைகள் வாரத்துக்கு ஒரு யானையாவது வரைந்தார்கள். பட்டம் வந்ததும் அவர் கழுத்தில் அட்டை தொங்கிற்று, யானை நின்றுபோயிற்று.

5. முதன்முதலாகப் பார்வையாளர்கள் வந்த நாளில் வகுப்புத் தலைவன் போய்ப் பலகையைத் தொட்டான். பலகை வெள்ளையாகிவிட்டது. நடுவில் ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. விருந்தினர்கள் தேநீர் குடித்து முடித்து, கோப்பையைக் கீழே வைத்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபிறகும் அது சுற்றிற்று. அப்போது தண்ணீர் டம்ளர் எடுத்துக்கொண்டு வந்த என் மகள் வேடிக்கையாக ஒரு விரலை வைத்தாள். பலகை நகர்ந்தது. அவ்வளவுதான் ஐயா, அவள் செய்த குற்றம். புத்தாக்கத் தலைவர் எல்லார் முன்னிலையிலும் "பாப்பாவுக்குக் கைராசி இருக்கு!" என்று சொல்லிவிட்டார். அன்றோடு பள்ளியில் வேறு எந்தப் பிள்ளையும் அந்தப் பலகையைத் தொட்டதில்லை. "ஏன் சார், நீங்க தொட்டா நகராதா?" என்று நானே ஒருநாள் கேட்டேன். "எனக்கு ஏதுண்ணே அந்த ராசி! நான் தொட்டா உடனே அப்டேட் கேக்குது" என்றார். கருவி நாளைய காலத்தது, அதை ஓட்டும் முறை மட்டும் என் பாட்டன் காலத்தது.

6. பலகைக்குள் எல்லாப் பாடமும் இருக்கிறதாம். ஆனால் திறப்பது ஒன்றே ஒன்றுதான், 'இதயம் இயங்கும் விதம்'. மற்றவற்றுக்குக் கடவுச்சொல் வேண்டும். அது பலகையை மாட்டிவிட்டுப் போன கம்பெனிப் பையனிடம் இருக்கிறது. அவன் ஒருமுறை வந்தபோது, "சார், மத்த பாடத்தையும் திறந்து குடுத்துட்டுப் போறேன்" என்று சொன்னதாகவும், "வேணாம்பா, இதயம் நல்லா ஓடிட்டிருக்கு, நீ எதையாவது தொட்டு வெக்காத" என்று புத்தாக்கத் தலைவர் அனுப்பிவிட்டதாகவும் காவலாளி சொன்னார். ஆகவே சென்ற ஆண்டு முழுவதும் என் மகள் இதயம் காட்டினாள். அதன் லப் டப் சத்தம் என் மைக் வழியாகத் தெருமுனைவரை கேட்கும். எதிர்வரிசைத் தேநீர்க் கடைக்காரர் அதைக் கேட்டுத்தான் பதினொரு மணித் தேநீருக்கு அடுப்பைக் கூட்டுவார். "நமது இதயம் நான்கு அறைகளைக் கொண்டது" என்று அவள் சொல்லும்போதெல்லாம் விருந்தினர்கள் கைதட்டுகிறார்கள். இதயத்துக்கு நான்கு அறை உண்டு, ஆறாம் வகுப்புக்குத்தான் ஒரு அறைகூட இல்லை என்று யாருக்கும் தோன்றவில்லை.

7. வந்தவர்கள் போய் மற்றவர்களிடம் சொன்னார்கள். மற்றவர்கள் வந்தார்கள். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள், பயிற்சி கொடுப்பவர்கள், பயிற்சி கொடுப்பவர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர்கள், பலகை விற்ற கம்பெனிக்காரர்கள், அவர்களிடம் பலகை வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் என்று வரிசை நிற்கவில்லை. தண்ணீர்த் தொட்டியைப் பழுது பார்க்க வந்த ஒருவரையும் பிடித்து முன்வரிசையில் உட்கார வைத்து இதயம் காட்டினார்கள். அவர் முழுவதும் பார்த்து, எழுந்து நின்று கைதட்டிவிட்டு, "ரொம்ப நல்லா இருந்துச்சுங்க. தொட்டி எந்தப் பக்கம்?" என்று கேட்டார். நாற்காலி எடுக்கப் போயிருந்த நான் இதை நேரில் கண்டவன்.

8. இதில் ஒரு சங்கடம் உண்டு. விருந்தினர்கள் வந்து இறங்கி, வரவேற்பு முடிந்து, தேநீர் முடிந்து, பலகை அறைக்குள் நுழையும்போது மணி பதினொன்று ஆகிவிடும். பதினொரு மணி ஆறாம் வகுப்புக்குக் கணக்குப் பாடம். மற்ற பிள்ளைகள் படிக்குக் கீழே உட்கார்ந்து பின்னம் படித்தார்கள். என் மகள் ஏசி அறையில் நின்று இதயம் காட்டினாள். விருந்தினர் வராத நாளில் ஒத்திகை.

9. தாங்கள் இரண்டாம் முறை வந்தபோது என் மகளிடம், "பெரியவளானா என்னவாகப் போறே?" என்று கேட்டீர்கள். சொல்லிக்கொடுத்தபடி அவள் "டாக்டர்" என்றாள். தாங்கள் மைக்கைப் பிடித்து, மின்னணுக் கற்றலுக்கு இந்தக் குழந்தையே சாட்சி என்றீர்கள். தங்களுடன் வந்திருந்த கண்ணாடி போட்ட அம்மா ஒருவர் மட்டும் எழுதிக்கொடுக்காத கேள்வி ஒன்றைக் கேட்டுவிட்டார்: "இதுல வேற என்னம்மா படிச்சே?" அவள் உள்ளதைச் சொன்னாள். "தெரியாதுங்க. இதுக்கு மேல தொட்டா பூட்டு வரும்." எல்லாரும் சிரித்தார்கள், தாங்களும் சிரித்தீர்கள், பிறகு கைதட்டினீர்கள். ஐயா, அது நகைச்சுவை இல்லை, புகார். இந்த மனுவில் நான் நீட்டி எழுதுவதை அவள் அன்றே தங்கள் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள்.

10. ஆண்டுத் தேர்வில் அந்தச் சாட்சி கணக்கில் தவறிவிட்டது. வட்டத்தில் கால் பங்கை நிழலிடு என்ற கேள்விக்கு அவள் வட்டத்தை விட்டுவிட்டு இதயம் வரைந்து, நான்கு அறை பிரித்து, ஓர் அறைக்கு நிழல் போட்டிருக்கிறாள். கணக்கு டீச்சர் அதற்கு மதிப்பெண் கொடுத்துவிட்டார். மற்ற கேள்விகளில் இதயத்துக்கு வேலை இல்லை. "நான் என்ன பண்ணட்டும் அண்ணே, பேப்பர்ல இருக்கறதுக்குத்தானே மார்க் போட முடியும்? என் வகுப்புல அவ முகத்தையே நான் சரியாப் பாத்ததில்ல" என்று சொல்லி அந்த டீச்சர் விடைத்தாளை என் முன்னால் விரித்துக் காட்டினார். தலைமை ஆசிரியையிடம் போனேன். "பிள்ளைக்கு முழு வருகை போட்டிருக்கே, பள்ளிக்கூடத்துலதானே இருந்தா?" என்றார். ஆமாம், பள்ளிக்கூடத்தில்தான் இருந்தாள். என் நாற்காலிகளும் பள்ளிக்கூடத்தில்தான் இருந்தன. அவற்றுக்கும் பின்னம் தெரியாது.

11. இப்போது புது ஆண்டு தொடங்கிவிட்டது. ஏழாம் வகுப்பு மாடியில். அவளோடு படித்த பிள்ளைகள் எல்லாரும் மாடி ஏறிவிட்டார்கள். இவள் மட்டும் புதிதாக வந்த சின்னப் பிள்ளைகளோடு அதே படிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறாள். மணி அடித்ததும் தலைக்கு மேலே கேட்கும் காலடிகளில் எது யாருடையது என்று அவளுக்குத் தெரியும். அதை வீட்டில் வந்து சிரித்துக்கொண்டே சொல்கிறாள். பெண் என்னைப் போல, எதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். அதைக் கேட்டு என் மனைவி சிரிக்கவில்லை. "உங்க நாற்காலியில உக்காந்து கைதட்டினாங்களே, அதுல ஒருத்தராவது அவளை ஒரு கணக்கு போடச் சொன்னாங்களா?" என்று என்னைக் கேட்டாள். கேள்வியை அப்படியே இங்கே எழுதிவிட்டேன். பதில் தங்களுக்குத் தெரிந்தால் என் மனைவிக்கு எழுதலாம், இதே முகவரிதான்.

12. தவறிய பிள்ளைகளுக்கு ஒரே ஒரு மறுதேர்வு உண்டு. கேள்வித்தாள் தங்கள் அலுவலகத்திலிருந்து முத்திரை வைத்து வரும், அந்த நாள் தவறினால் அந்த ஆண்டு தவறியது. அதனால் கணக்கு டீச்சர் தினமும் பள்ளி விட்டதும் என் கடைக்கே வந்துவிடுகிறார். அடுக்கிய நாற்காலிகளுக்கு நடுவே இரண்டை எடுத்துப் போட்டு என் மகளுக்குப் பாடம் நடக்கிறது. கடையில் ஏசி இல்லை, ஒரு மேசை விசிறி இருக்கிறது, அதுவும் பாதி நேரம் டீச்சர் பக்கம் திரும்பாது. இந்த வகுப்பறை தொட்டால் பேசாது. தப்பாகப் போட்டால் டீச்சர் பேசுவார். "ஏண்டி, மேல இருக்கறதையும் கீழ இருக்கறதையும் கூட்டிப் போட்டா அது பின்னமா, பொரியலா?" என்று அவர் திட்டும்போது கடைக்கு வருகிற வாடிக்கையாளர்களும் கூடவே திருத்திக்கொள்கிறார்கள். என் மகள் தேறிவிடுவாள் என்று டீச்சர் சொல்கிறார். டீச்சர் இனிக்க இனிக்கப் பேசுகிறவர் இல்லை.

13. அந்த மறுதேர்வு வரும் புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு என்று பள்ளி அறிவிப்புப் பலகையில் போட்டிருக்கிறார்கள். அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு தாள்: வரும் புதன்கிழமை காலை பதினொரு மணிக்குக் கல்வி அதிகாரி அவர்கள் வெளிநாட்டு விருந்தினர்களுடன் வந்து மின்னணுக் கற்றலைப் பார்வையிடுகிறார். இரண்டிலும் தங்கள் கையெழுத்து. இரண்டும் ஒரே ஊசியில் குத்தியிருக்கிறது. தங்கள் அலுவலகத்தில் எந்த மேசையிலிருந்து எது போனது என்பது எனக்குத் தெரியாது. ஆனால் அந்த இரண்டு மேசையும் தள்ளித் தள்ளி இருந்தால் சற்று நெருக்கிப் போட்டுப் பேசிப் பார்க்கச் சொல்லவும். மேசை போதாவிட்டால் நான் தருகிறேன்.

14. புத்தாக்கத் தலைவர் கடைக்கு வந்து, "அண்ணே, புதன்கிழமை பெரிய பார்ட்டி. சிவப்பு நாற்காலியை நல்லாத் தொடச்சு வைங்க" என்றார். "சார், அன்னிக்குப் பாப்பாவுக்கு மறுதேர்வு" என்றேன். "அதை இன்னொரு நாள் எழுதிக்கலாம்ணே, வெளிநாட்டுக்காரங்க இன்னொரு நாள் வருவாங்களா?" என்றார். இன்னொரு நாள் கிடையாது என்றேன். தலையைச் சொறிந்தார். பிறகு, "வேற பிள்ளை தொட்டு அது நின்னுபோச்சுன்னா என் மானம் போயிடும்ணே" என்றார். இது மட்டும் உண்மையாகவே வந்த பேச்சு. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. யானை வரைந்துகொண்டிருந்தவரைக் கூப்பிட்டு நடுக்கடலில் இறக்கிவிட்டவர்கள் யாரோ, இந்த மனு அவர்களுக்கு. அதாவது தங்களுக்கு.

15. கோபம் வந்தது வீட்டுக்குப் போனபிறகுதான். என் மகள் கணக்குப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். கேட்டதற்கு, "அப்பா, நான் போகாட்டி இதயம் நின்னுடும்னு சார் சொல்றாரு. எல்லாரும் பாத்துட்டு இருக்கும்போது நின்னுடுமாம்" என்றாள். அந்த நேரம் அவள் சிரிக்கவில்லை. ஐயா, ஒரு பள்ளிக்கூடத்தின் மானம், ஓர் அலுவலகத்தின் பெருமை, வெளிநாட்டுக்காரர்களின் கைதட்டல் இவ்வளவையும் ஒரு பதினொரு வயதுப் பெண்ணின் ஆள்காட்டி விரலில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறீர்கள். இதற்குத்தான் புத்தாக்கம் என்று பெயர் என்றால் பழையதே இருந்திருக்கலாம்.

16. பலகைக்கு நான் விரோதி இல்லை. நல்ல பலகை. பின்னத்தைக்கூடப் பழம் நறுக்குவதுபோல நறுக்கிக் காட்டும் பாடம் ஒன்று அதற்குள் இருப்பதாகக் கம்பெனிப் பையன் காவலாளியிடம் சொல்லியிருக்கிறான். அதைச் சென்ற ஆண்டே திறந்திருந்தால் இந்த மனுவுக்கு வேலை இல்லை. ஆகவே தங்களை வேண்டிக்கொள்வது:

அ) வரும் புதன்கிழமை தாங்கள் வர வேண்டாம். எல்லா மனுவிலும் நேரில் வந்து பார்க்க வேண்டும் என்று கேட்பார்கள். நான் நேரில் வராமல் உதவ வேண்டும் என்று கேட்கிறேன். செலவில்லாத கோரிக்கை.

ஆ) வந்தே தீர வேண்டும் என்றால், பலகையை வேறு எந்தப் பிள்ளை வேண்டுமானாலும் தொடட்டும். அது நின்றுபோனால் நின்றுபோனதையே விருந்தினர்கள் பார்க்கட்டும். வட்டம் சுற்றுவதும் மின்னணுக் கற்றலில் ஒரு பகுதிதான்.

இ) கடவுச்சொல்லை அந்தப் பையனிடம் கேட்டு வாங்கி, பலகையை எல்லாப் பிள்ளைகளும் தொட விட வேண்டும். தேய்ந்துபோனால் போகட்டும். என் நாற்காலிகள் தேய்வதற்கு நான் அழுவதில்லை, உறை போட்டு அடுக்கியே வைத்திருந்தால்தான் அழுவேன்.

ஈ) ஆறாம் வகுப்பை அதன் அறைக்குள் திரும்ப விட வேண்டும். பலகையும் அங்கேயே இருக்கலாம். பிள்ளைகள் அதைக் கடிக்க மாட்டார்கள்.

17. இந்த மனுவைக் கொடுத்தபின் பள்ளிக்கூடத்து வாடகை எனக்குக் கிடைக்காமல் போகலாம். மனைவியிடம் சொன்னேன். "நாற்காலி எங்கயும் ஓடிடாது, குடுத்துட்டு வாங்க" என்றாள். ஆகவே தங்களுக்கு முன்கூட்டியே பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். வரும் புதன்கிழமை என் கடையிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு ஒரே ஒரு நாற்காலிதான் போகும். தாங்கள் வழக்கமாக அமரும் சிவப்பு நாற்காலி. அதைத் துடைத்து, மெத்தையைத் தட்டி, நானே தூக்கிக்கொண்டு போய் மாடிப்படிக்குக் கீழே போட்டுவிடுவேன். பதினொரு மணிக்கு அதில் என் மகள் உட்கார்ந்து கணக்கு எழுதிக்கொண்டிருப்பாள். அப்போது தாங்கள் அந்தப் பக்கம் வர நேர்ந்தால், தயவுசெய்து கைதட்ட வேண்டாம். பிள்ளைக்குக் கவனம் சிதறும்.

தங்கள் நல்ல முடிவை எதிர்பார்த்து நிற்கும் (தங்களுக்குப் போடத்தான் நாற்காலி இல்லையே, நானும் நிற்பதுதான் மரியாதை),

வாடகை நாற்காலிக் கடைக்காரர்
(கையெழுத்து)

இடம்: கடை
நாள்: வெள்ளிக்கிழமை

இணைப்பு: என் மகள் இதயம் காட்ட, தாங்கள் அருகில் நின்று சிரிக்கும் புகைப்படம். தனியாக வைக்கவில்லை. தங்கள் அலுவலகத்தில் தங்கள் தலைக்கு மேலேயே மாட்டியிருக்கிறது, நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தால் தெரியும்.

நகல்: புத்தாக்கத் தலைவர் அவர்களுக்கு. நாற்காலி கேட்டுக் கடைக்கு வரும்போது கையில் கொடுக்கப்படும், தேநீருடன்.